நிறுத்தம் எண் ஆறு

கெலமங்கலத்துக்குத் தெற்கே பதினோரு கிலோமீட்டரில் கொத்தகெரே என்று ஓர் ஊர். பெயரில் பாதி தெலுங்கு, மீதி கன்னடம், ரேஷன் கார்டு மட்டும் தமிழ். அந்த ஊர் ஏரியின் நட்டநடுவில் ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. நிழற்குடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, ஏறவோ இறங்கவோ ஆளும் கிடையாது. பத்தடித் தண்ணீர் மட்டும் இருக்கிறது. ஆனாலும் அது நிறுத்தம்தான். ஒசூரில் உள்ள ஒரு கம்பெனியின் பதினேழாம் எண் பேருந்து தினமும் காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அங்கே வந்து, நான்கு நிமிடம் நின்றுவிட்டுப் போக வேண்டும் என்பது உத்தரவு.

கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதுவும் சரியான வழியில் வந்து சேரும்.

பதினேழாம் எண்ணை ஓட்டுபவர் கங்கப்பன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் பேசுவார். பன்னிரண்டு வருடமாகக் கொத்தகெரேயிலும் பக்கத்து ஊர்களிலும் நாற்பத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு, ஏரியைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் போய், ஏழு மணி ஷிப்டுக்குக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுகிறார். இத்தனை வருடத்தில் வண்டி இரண்டு முறை பஞ்சர் ஆகியிருக்கிறது, மூன்று முறை யானை குறுக்கே நின்றிருக்கிறது. யானை நின்ற நாளிலும் லேட் ஆனதில்லை. யாரும் அவருக்கு வழி சொன்னதும் இல்லை. அதுதான் குறை என்று கம்பெனி ஒருநாள் கண்டுபிடித்தது.

உடனே வழித்தட ஒழுக்கப் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்கள். இரண்டாவது மாடியில் ஒரு குளிரூட்டிய அறை, சுவரில் பத்து டிவி, பார்ப்பதற்கு இரண்டு பேர். பெரியவர் சிவராஜ், பிரிவின் தலைவர். சின்னவர் அனிதா, டிவியைப் பார்த்துவிட்டு டிரைவர்களுக்குப் போன் செய்கிறவர். வாங்கிய செயலிக்கு ‘நேர்கோடு’ என்று பெயர். ஒவ்வொரு பேருந்திலும் ஒரு கைபேசி. போகவேண்டிய வழியை அது சொல்லும், போன வழியை அறைக்குச் சொல்லும்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் தொடக்க விழா. முப்பத்தொரு கைபேசிகளையும் மேஜையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டார்கள். கேமரா கண்ணிலேயே பொட்டு விழுந்ததில் நான்கு கைபேசிகள் அன்று முழுக்க உலகத்தைச் சிவப்பாகப் பார்த்தன. பேருந்துகளின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த பழக்கத்தில் பூசாரி கைபேசிக்கு அடியிலும் ஒன்று வைக்கப்போனார். சிவராஜ் தடுத்துவிட்டு மைக் பிடித்தார்.

“நம்ம கம்பெனியில முப்பத்தொரு பஸ் ஓடுது. அது எந்த வழியா வருதுன்னு இத்தனை வருஷமா டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு பெரிய ஆபத்து, யோசிச்சுப் பாருங்க! இனிமே எனக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்ல.”

டிரைவர்களும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களுக்கு லட்டு இருந்தது.

திங்கட்கிழமை காலை நாற்பத்திரண்டு பெண்களோடு கங்கப்பன் ஏரிக்கரைக்கு வந்தார். செயலியில் ஒரு பெண் குரல், சுத்தமான தமிழில், “இடப்புறம் திரும்பி நேராகச் செல்லவும்” என்றது. இடப்புறம் ஏரி. செப்டம்பர் மழையில் ஏழு வருடத்துக்குப் பிறகு நிரம்பி, மறுகால் போய்க்கொண்டிருந்தது. கங்கப்பன் சிரித்துவிட்டு வலப்புறம் திருப்பினார். ஒன்பது கிலோமீட்டரும் அந்தக் குரல், “நீங்கள் பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்” என்று சொல்லிக்கொண்டே வந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு ஒசூருக்குப் பக்கத்தில் போனாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அது வருத்தப்பட்டது. ஆறு ஐம்பதுக்குக் கம்பெனி வாசலில் வண்டி நின்றது.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் மாதேஸ்வரி அவரைத் தேடிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடிவந்தாள். கொத்தகெரேயில் முதல் நிறுத்தத்தில் ஏறுகிறவள்.

“அண்ணா, எல்லாருக்கும் லேட் போட்டிருக்காங்க.”

“பத்து நிமிசம் முன்னாடியே வந்தமேம்மா!”

“வந்தோம்ணா. ஏழு மணிக்கு லைன்ல உக்காந்து போர்டு மாட்டிகினு இருக்கேன். ஆனா சிஸ்டத்துல நாங்க இன்னும் வரலையாம். ஏரியில நிக்கிறமாம்.”

விஷயம் இதுதான். பேருந்து தன் பாதையில் உள்ள எல்லா நிறுத்தங்களையும் தொட்டு வந்தால்தான் செயலி பயணத்தை முடித்துவைக்கும். பயணம் முடிந்தால்தான் அதில் வந்தவர்களுக்கு வருகை விழும். பெண்கள் உள்ளே போகலாம், வேலை செய்யலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் வரவில்லை.

நிரந்தர ஆட்களுக்கு லேட் என்பது திட்டு. மாதேஸ்வரிக்கு அது வேலை. அவள் ட்ரெய்னி. ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள். வருடத்தில் நான்கு லேட் விழுந்தால் நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குப் போகலாம். அவளுக்கு இது மூன்றாவது கம்பெனி. முதல் கம்பெனி பதினோராவது மாதம் அவளை அனுப்பிவிட்டு வேறு ட்ரெய்னியை எடுத்தது. இரண்டாவது கம்பெனி பத்தாவது மாதமே முந்திக்கொண்டது. மூன்று வருடமாக அவள் சாலிடரிங் கற்றுக்கொண்டே இருக்கிறாள். கற்றுக்கொடுக்க வருகிறவர்களுக்கே அவள்தான் இப்போது கற்றுக்கொடுக்கிறாள். இந்த முறை பதினோரு மாதம் தாண்டிவிட்டாள், அன்றைக்கு முன்வரை ஒரு லேட்கூட இல்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை வருடம் முடிகிறது.

“சும்மா ஏதோ மிஷின் கோளாறும்மா. நான் பேசறேன்” என்றார் கங்கப்பன். அன்று இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் ஏரியைச் சுற்றித்தான் வர முடிந்தது. மாதேஸ்வரிக்கு இரண்டாவது லேட். கங்கப்பன் இரண்டாவது மாடிக்குப் போனார். அனிதா மரியாதையாக உட்காரச் சொல்லி, செயலியில் தடை அறிவிக்கும் பகுதியைத் திறந்து காட்டினார்.

“என்ன தடைன்னு செலக்ட் பண்ணுங்கண்ணா.”

மரம் விழுந்தது, ஊர்வலம், விபத்து, கால்நடை, மற்றவை என்று ஐந்து இருந்தன. ஏரி இல்லை.

“மற்றவை போடும்மா.”

“மற்றவை போட்டா எங்க சார் ஒப்புதல் தரணும். சார் மற்றவைக்கு ஒப்புதல் தரமாட்டார். உலகத்துல இருக்கிற எல்லாத் தடையும் இந்த நாலுக்குள்ள அடங்கும்னு அவர்தான் பட்டியலே போட்டாரு.”

கரையோரம் எருமைகள் தண்ணீரில் கிடப்பது கங்கப்பனுக்கு நினைவு வந்தது. கால்நடை என்று அமுக்கினார். “கால்நடை கடக்கும்வரை மூன்று நிமிடம் காத்திருந்து, பின் நேராகச் செல்லவும்” என்று பதில் வந்தது.

வேறு வழியில்லாமல் சிவராஜின் முன்னால் போய் நின்றார். சிவராஜ் பத்து டிவியில் ஒன்றைக் காட்டினார். நீலக்கோடு ஒன்று கொத்தகெரேயிலிருந்து அம்பு மாதிரி நேராகப் போயிற்று.

“இந்த வழியில ஏப்ரல், மே ரெண்டு மாசத்துல மட்டும் ஆயிரத்து நூத்திச் சொச்சம் தடவை வண்டி போயிருக்கு. இல்லாத வழியிலயா போனாங்க?”

“அப்ப ஏரி காஞ்சு கெடந்ததுங்க சார். டூவீலர் எல்லாம் ஏரிக்குள்ளதான் போவும். எல்லா வருசமும் அப்படித்தான்.”

“பாத்தியா, நீயே ஒத்துக்கற. சரி, இந்த வழியைக் கம்பெனிக்கு யார் பகிர்ந்தாங்கன்னு பார்ப்போம்.” கோட்டின் மேல் விரலை வைத்தார். ஒரு பெயர் வந்தது. படம்கூட வந்தது. ஒரு ஹாட்பேக் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு கங்கப்பன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கங்கப்பனுக்கு உடம்பு வேர்த்தது. குளிரூட்டிய அறையில் அன்று வேர்த்த ஒரே ஆள் அவர்தான்.

மே மாதத்தில் ‘உங்கள் வழியைப் பகிருங்கள்’ என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். யார் தம் ஊரிலிருந்து கம்பெனிக்கு மிகக் குறுக்கான வழியைக் கைபேசியில் பதிந்து அனுப்புகிறார்களோ அவர்களுக்கு மூன்று அடுக்கு ஹாட்பேக். பேருந்துக்கு வழி தேடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கங்கப்பன் தன் மொபெட்டில் காய்ந்த ஏரிக்குள் இறங்கி நேராகப் போனார். முதல் பரிசு. அந்த ஹாட்பேக்கில்தான் அவர் வீட்டில் இன்றும் களி உருண்டை சூடாக இருக்கிறது.

“நடுவுல நாலு நிமிஷம் நின்னிருக்க” என்றார் சிவராஜ். “அதனால அங்க ஒரு நிறுத்தம் விழுந்திருக்கு. நிறுத்தம் எண் ஆறு. எதுக்கு நின்ன?”

“ஒரு வேலமரம் இருந்ததுங்க சார்.”

“மரத்தடியில ஏற்கெனவே ஆள் காத்திருந்தாங்களா?”

“இல்லைங்க சார். ஒதுங்கினேன். அப்புறம் ஒரு பீடி.”

அனிதா வேறு டிவியைப் பார்க்கத் தொடங்கினார். சிவராஜ் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“காரணம் எதுவா இருந்தாலும் நிறுத்தம் நிறுத்தம்தான். பொதுமக்களுக்குத் தேவை இருக்கிற இடத்துலதான் நிறுத்தம் வரும். உனக்குத் தேவை இருந்திருக்கு.”

“அந்த வழியே தப்புங்க சார். நான்தான் அனுப்பினேன், நானே சொல்றேன், அழிச்சிடுங்க.”

“அது முடியாது. வழி பகிர்ந்த கங்கப்பன் செயலியில தங்கத் தகுதி உள்ளவர். நீ ரெண்டு நாளா விலகல் பண்ணி, தகுதி இழந்த டிரைவர். தகுதி இழந்தவன் சொல்லி, தங்கத் தகுதிக்காரர் போட்ட வழியை நாங்க எப்படி அழிப்போம்? அது அவருக்கு அநியாயம் இல்லையா?”

தனக்காக இவ்வளவு தூரம் வாதாடிய மேலதிகாரியை எப்படித் திட்டுவது என்று கங்கப்பனுக்குத் தெரியவில்லை. “அப்ப நீங்களே வந்து ஒரு தடவை பாருங்க சார்” என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை காலை மாதேஸ்வரிக்கு மூன்றாவது லேட் விழுந்தது. பதினோரு மணிக்கு ஆய்வுக்குழு ஏரிக்கு வருவதாகச் சொல்லி, பன்னிரண்டரைக்கு வந்தது. சிவராஜ் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர். எல்லையில் நெரிசல்.

“அதுக்கு ஆப் வழி காட்டாதுங்களா சார்?” என்று கங்கப்பன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நான் ஆப் போடறதில்ல. என் டிரைவருக்கு வழி தெரியும்” என்றார் சிவராஜ்.

குழு கரைமேல் ஏறி நின்றது. எதிரே தண்ணீர், காற்றில் சின்னச் சின்னதாக அலை அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் வேலமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது, அதன்மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சிவராஜ் ஏரியை ஒருமுறை பார்த்தார், கைபேசியை ஒருமுறை பார்த்தார். கைபேசியில் ஏரி இல்லை. நீலக்கோடு இருந்தது. அவருக்கு நிம்மதியாயிற்று.

“இந்தத் தண்ணி எப்ப வந்தது?”

“செப்டம்பர்லங்க சார்.”

“எப்ப வத்தும்?”

“மார்ச்சு, ஏப்ரல்ல வத்திரும்.”

“அப்ப இது தற்காலிகத் தண்ணி” என்றார் சிவராஜ். அனிதா எழுதிக்கொண்டார். “பாதை சிஸ்டத்துல நிரந்தரமா இருக்கு. தண்ணி தற்காலிகம். தற்காலிகமா இருக்கிற ஒண்ணுக்காக நிரந்தரமா இருக்கிறதை எந்தக் கம்பெனியும் மாத்தாது. நம்ம கம்பெனியோட கொள்கையே அதுதான்.”

குழு இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பியது.

அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து திரும்பும்போது கங்கப்பன் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டார். மாதேஸ்வரி இறங்கி வந்தாள். இன்னும் ஒன்பது காலைகள். ஒன்றில் தவறினாலும் போயிற்று. கங்கப்பனுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“என்னாலதாம்மா எல்லாம். ஒரு ஹாட்பேக்குக்கு ஆசைப்பட்டு...”

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கும் ஆஞ்சப்பன் தன் பரிசலைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, அந்த ஆப்புக்கு நாம தெரிவமா, போன் தெரியுமா?”

“போன்தான்.”

“அப்ப போன் போனா போதும்ணா. நாம போக வேணாம்.”

ஆஞ்சப்பனுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. “மீன் புடிக்கறவன்கிட்ட போனைக் குடுத்து, நடுவுல போய் நாலு நிமிசம் நில்லுன்றீங்க. நின்னு என்னா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். நிக்கணும்.”

“இதுக்கா படிச்சவங்கள எல்லாம் வேலைக்கு வெச்சிருக்காங்க?” என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கைபேசி பரிசலில் ஏறியது. பேருந்து ஏரியைச் சுற்றியது. நிறுத்தம் எண் ஆறில் ஆஞ்சப்பன் நான்கு நிமிடம் நின்று, சும்மா இருப்பானேன் என்று வலையையும் ஒரு இழுப்பு இழுத்தார். அக்கரையில் கங்கப்பன் கைபேசியை வாங்கி மாட்டியபோது, “சிறப்பு. சரியான பாதையில் செல்கிறீர்கள்” என்றது குரல். பேருந்தில் நாற்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். இந்தக் கைதட்டலுக்கு லட்டு இல்லை.

வருகை விழுந்தது. வெள்ளியும் விழுந்தது, சனியும் விழுந்தது.

திங்கட்கிழமை அனிதாவிடமிருந்து போன்.

“அண்ணா, வாழ்த்துகள். பதினேழுதான் இப்ப நம்பர் ஒன். ஆனா ஏரிப் பகுதியில வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர்னு காட்டுது. ரோடு மோசமா?”

“கொஞ்சம் ஆட்டம் இருக்கும்மா.”

“சார் அதைக் கவனிக்கச் சொல்லிட்டாரு. அங்க ஒரு வேகத்தடை இருக்கான்னு கேட்டாரு.”

செவ்வாய்க்கிழமை, பதினேழாம் எண் இவ்வளவு தூரம் மிச்சம் பிடிப்பதைப் பார்த்து, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வரும் இன்னும் நான்கு பேருந்துகளை நேர்கோடு தானாகவே ஏரிக்குத் திருப்பிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கரையில் ஐந்து பேருந்து, ஐந்து டிரைவர், ஐந்து கைபேசி. பரிசலில் ஒன்றாகப் போனபோது, ஐந்து வண்டி ஒரே இடத்தில் நிற்பதால் நிறுத்தம் எண் ஆறில் போக்குவரத்து நெரிசல் என்று செயலி சிவப்புக் காட்டியது. புதன்கிழமை, நெரிசலைக் கட்டுப்படுத்த நிறுத்தம் எண் ஆறுக்கு ஒரு செக்யூரிட்டியைப் போட உத்தரவு வந்தது. அந்த ஆள் இரண்டு நாள் கரையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். பணியிடத்துக்குப் போகாததால் அவருக்கும் லேட் விழுந்தது. நெரிசல் குறையாததால் அந்த நான்கு பேருந்தையும் நேர்கோடு தானாகவே பழைய வழிக்குத் திருப்பிவிட்டது.

வியாழக்கிழமை கம்பெனி முழுக்கத் தட்டி கட்டினார்கள். நூறு சதவீத வழித்தட ஒழுக்கத்துக்காக சிவராஜின் பிரிவுக்கு விருது, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழா.

மாதேஸ்வரி ஒவ்வொரு நாளும் வண்டியில் ஏறும்போது விரலை மட்டும் காட்டுவாள். ஐந்து, நான்கு, மூன்று. வெள்ளிக்கிழமை இரண்டு விரல் காட்டினாள். கங்கப்பன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுற்றறிக்கை வந்தது. பேருந்தின் ஒழுக்கம் நிரூபணமாகிவிட்டதால், நாளை முதல் பயணிகளின் ஒழுக்கமும் சரிபார்க்கப்படும். ஒவ்வொருவரும் தம் சொந்தக் கைபேசியில் நேர்கோட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆள் எந்த வழியில் வந்தார் என்று ஆளின் கைபேசி சொல்லும்.

சனிக்கிழமை காலை கரையில் ஒரு ரோஜாப்பூக் கூடை வைத்தார்கள். அதில் நாற்பத்திரண்டு பெண்களின் கைபேசியும் பேருந்தின் கைபேசியும் விழுந்தன. ஆஞ்சப்பன் பின்வாங்கிவிட்டார்.

“ஒண்ணுன்னா சரி. இத்தனை போனு! ஒரு பக்கம் சாஞ்சா யாருக்கு நான் பதில் சொல்றது? துடுப்பைப் புடிப்பனா, கூடையைப் புடிப்பனா? பேட பா, வேணாம், என்னால ஆவாது.”

“கூடையை நான் புடிச்சிக்கறேன்” என்றாள் மாதேஸ்வரி.

“நீ வேணாம்மா. இன்னிக்கு உனக்குக் கடைசி நாள்” என்றார் கங்கப்பன்.

“அதனாலதாண்ணா. வேற யார் கையிலயும் குடுத்துட்டு என்னால பஸ்ல உக்கார முடியாது.”

கூடையை மடியில் வைத்துக்கொண்டு பரிசலில் உட்கார்ந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பேருந்தில் ஏறினார்கள். கங்கப்பன் பேருந்தை எடுத்து, பன்னிரண்டு வருடத்தில் ஓட்டாத வேகத்தில் ஏரியைச் சுற்றினார்.

நடுவில் நடந்ததை ஆஞ்சப்பன்தான் பிறகு சொன்னார். நிறுத்தம் எண் ஆறில் பரிசல் நின்றது. மாதேஸ்வரி தன் கைபேசியை மட்டும் கூடையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது நிமிடம் முடிந்ததும் கூடைக்குள்ளிருந்து அத்தனை கைபேசியும் ஒரே நேரத்தில், ஒரே குரலில், “பயணத்தைத் தொடரவும்” என்று கத்தின. நீர்க்காகம் அலறிப் பறந்தது. ஆஞ்சப்பன் திடுக்கிட்டுத் துடுப்பை விட்டார். பரிசல் சாய்ந்தது. மாதேஸ்வரி இரண்டு கையாலும் கூடையைக் கட்டிப்பிடித்தாள். கூடை தப்பியது. கட்டிப்பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால் கையிலிருந்த கைபேசி தண்ணீருக்குள் போய்விட்டது.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் பேருந்து வாசலுக்கு வந்தது. நாற்பத்தொரு பேருக்குப் பச்சை. மாதேஸ்வரிக்கு மட்டும் இயந்திரத்தில் எழுத்து ஓடியது: நிறுத்தம் எண் ஆறில் உள்ளார்.

இடுப்புவரை ஈரத்தோடு அவள் இரண்டாவது மாடியில் நின்றாள். பக்கத்தில் கங்கப்பன். சிவராஜ் விழாவுக்காகப் புதுச் சட்டை போட்டிருந்தார். டிவியைப் பார்த்தார். ஏரியின் நடுவில் ஒரே ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது.

“சார், நான் இங்க நிக்கறேன்” என்றாள் மாதேஸ்வரி.

“ஆள் வந்திருக்கீங்க, நான் மறுக்கல” என்றார் சிவராஜ். “வருகை வரல. ரெண்டும் வேற வேற. நெட்வொர்க் கிடைச்சா வந்துரும், காத்திருங்க.”

“அது பத்தடித் தண்ணியில கெடக்குது சார்!” என்று கத்தினார் கங்கப்பன். இனி மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினார். பரிசல், கூடை, ஆஞ்சப்பன், ஒன்பது காலைகள், எல்லாம். “வழியில வந்தது அவ ஒருத்திதான் சார். மத்த நாங்க எல்லாரும் சுத்திதான் வந்தோம். நீங்க போட்ட கோட்டு மேலயே உசுரைக் கையில புடிச்சிகினு வந்தவளுக்கு லேட் போடறீங்களே, இது ஞாயமா?”

சிவராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முதன்முறையாக அவர் குரல் தாழ்ந்தது.

“கங்கப்பா, நீ இப்ப சொன்னதை நான் கேக்கல. இன்னும் ஒரு தடவை சொன்னா கேப்பேன். கேட்டா எழுதணும். எழுதினா அந்த நாப்பத்தொரு பேரும் இந்த ஒன்பது நாளும் வரல. அதுல பதினாறு பேர் ட்ரெய்னி. எட்டு மணிக்கு எம்.டி. வர்றாரு, எனக்கு நூறு சதவீதம் வேணும். இந்தப் பொண்ணை லீவுன்னு போட்டா லீவுல இருக்கறவ சதவீதத்துலயே வரமாட்டா, நூறு நிக்கும். ஆனா ட்ரெய்னிக்கு லீவு கிடையாது, அதனால நேத்தோட விலகிட்டாங்கன்னு போட்டுரலாம். யாருக்கும் நஷ்டமில்ல. என்ன, சொல்றியா?”

கங்கப்பன் வாயைத் திறந்தார். மாதேஸ்வரி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சொல்லாதீங்கண்ணா” என்றாள். “அதுல பதினாறு பேர் இருக்காங்க.”

எட்டு மணிக்கு விழா நடந்தது. அதிகச் சேமிப்பு தந்த பாதையைப் பகிர்ந்தவர் என்று கங்கப்பனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சிவராஜ் பேசினார். “நம்ம வழித்தடத்துல இந்த மாசம் ஒருத்தர்கூடத் தவறல. தவறினவங்க நம்ம பட்டியல்லயே இல்ல” என்றார். அதைவிட உண்மையாக அந்த மேடையில் யாரும் பேசவில்லை. கங்கப்பனுக்குப் பொன்னாடை கழுத்தை அறுத்தது. இறங்கி வந்து அதை வண்டி துடைக்கும் துணியோடு போட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், களி உருண்டையைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, ஹாட்பேக்கை மூன்று அடுக்கோடும் ஏரியில் வீசினார். அது மூழ்காமல் மிதந்தது. ஆஞ்சப்பன் மறுநாள் எடுத்துக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை கொத்தகெரே முதல் நிறுத்தத்தில் மாதேஸ்வரி நின்றிருந்தாள். உடம்பில் வேறு கம்பெனியின் பச்சைக் கோட்டு. கழுத்தில் புது அடையாள அட்டை, அதில் பெயருக்குக் கீழே ட்ரெய்னி. நான்காவது முறை. அவளுக்காக ஒரு புதுப் பேருந்து வந்து நின்றது. அதன் டிரைவர் இளைஞன், திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன், பெயர் அஜித்குமார். கையில் கைபேசியோடு இறங்கி நேராகக் கங்கப்பனிடம் வந்தான்.

“அண்ணா, நான் இந்த ஏரியாவுக்குப் புதுசு. எங்க கம்பெனியில ஒரு ஆப் குடுத்திருக்காங்க. உங்க கம்பெனியில நூறு சதவீதம்னு கேள்விப்பட்டு அதே ஆப்பை வாங்கிட்டாங்க, வழி எல்லாம் அதுலயே பகிர்ந்திருக்காம். இங்க லெஃப்ட் எடுக்கச் சொல்லுது. லெஃப்ட்ல ஏரி இல்ல இருக்குது?”

கங்கப்பன் கைபேசியை வாங்கிப் பார்த்தார். நீலக்கோடு, நடுவில் ஒரு புள்ளி, பக்கத்தில் அவர் சிரிக்கும் படம். நிமிர்ந்து மாதேஸ்வரியைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

அவளே வந்து அவர் கையிலிருந்து அந்தக் கைபேசியை வாங்கினாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீங்க சுத்தி வாங்க தம்பி, அக்கரையில குடுக்கறேன்” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கரையில் இறங்கி, கட்டிவைத்திருந்த பரிசலின் கயிற்றை அவிழ்த்தாள். “ஆஞ்சப்பண்ணன எழுப்ப வேணாம்ணா. இந்த மூணு வாரத்துல நானே ஓட்டக் கத்துக்கினேன்.”